இழுது

என் அப்பா அதை இழுது என்பார்.
வலையில் ஏறினால் மீனோடு சேராது,
கடலோடும் சேராது.
அள்ளிக் கரையில் வீசுவார்கள்.
வெயிலில் ஒரு ஈரத் தடமாகிப் போய்விடும்.

டாக்டர் நஸ்ரீன் என் வயிற்றில் இருப்பதைச் சொன்னபோது
பெயர் நாக்கில் நிற்கவில்லை.
குடல்வால் வெடித்து, கொஞ்சங்கொஞ்சமாய்க் கசிந்து,
கல்லீரலுக்குக் கீழே, குடலின் மடிப்பில், சினைப்பையைச் சுற்றி,
கூழ் மாதிரி.
பத்து லட்சத்தில் ஒருவர் இருவருக்கு வரும் என்றார்.
"இழுது" என்றேன்.
எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

குழந்தை இல்லை என்றுதான் போயிருந்தேன்.
கல்யாணமாகி ஆறாம் வருஷம்.
அதற்கு முன்பே வயிறு மேடிட்டிருந்தது.
ஹவுசிங் போர்டில் மூணாம் மாடி பிலோமினா அக்கா
"இன்னாமே, எத்தினி மாசம்? சொல்லவேயில்ல" என்று
பழைய வண்ணாரப்பேட்டை போய்
ஒரு டஜன் பச்சை வளையல் வாங்கி வந்துவிட்டாள்.
நான் மறுக்கவில்லை.
மூன்று நாள் போட்டிருந்தேன்,
இல்லாத ஒன்றுக்கு.

நெஞ்செலும்பிலிருந்து அடிவயிறு வரை திறந்தார்கள்.
பதினொரு மணி நேரம்.
அள்ளியது நாலரை லிட்டர் என்று கிளமெண்ட் சொன்னான்,
டீசல் கணக்குச் சொல்லும் அதே குரலில்.
பிறகு நாற்பத்திரண்டு டிகிரி சூட்டில் மருந்து ஊற்றி
ஒன்றரை மணி நேரம் உள்ளுக்குள் அலசினார்கள்.
வலது சினைப்பை போயிற்று.
இடதை விட்டுவைத்தார்கள்.
'நோயாளியின் விருப்பப்படி' என்று ஒரு வரி.
கையெழுத்துப் போட்ட இருபது தாளில்
அதை மட்டும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

நான் ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறவள்.
ஒரு பார் எத்தனை நேரம் தாங்கும்,
விசைப்படகுக்கு எத்தனை பார், எல்லாம் மனப்பாடம்.
இரண்டு வருஷம் கழித்து ஊசிகள்,
தழும்பில்லாத இடமாய்த் தேடித் தேடி.
ஏழு முட்டை. நாலு கரு.
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு என்றாள் லேப் பெண்.
கரண்ட் போனால்? என்று கேட்டேன்.
சிரித்தாள்.
புயல் வருஷம் எங்கள் ஐஸ் மொத்தமும்
தெருவில் தண்ணீராய் ஓடியதை
அவளிடம் சொல்லவில்லை.

முதலாவது ஒட்டவில்லை.
இரண்டாவது ஒன்பது நாள் இருந்தது.

மூன்றாவதுக்கு இப்போது இருபத்தாறு வாரம்.
கொருக்குப்பேட்டை கேட்டருகே தண்டவாளம் வளைகிற மாதிரி
தழும்பு ஒருபக்கம் வளைகிறது.
மேடு எனக்கு ஏற்கெனவே ஒருமுறை பொய் சொல்லியிருக்கிறது.
இரவில் விரலால் தட்டிப் பார்க்கிறேன்,
தர்பூசணி வாங்குகிறவள் போல,
எது தண்ணீர், எது கூழ், எது கால் என்று.

நேற்று ஸ்கேன்.
கிளமெண்ட் வரவில்லை. எண்ணூர் ரோட்டில்
கன்டெய்னர் லாரிகள் காலையிலிருந்து நகரவில்லை.
முதலில் குழந்தை. முதுகெலும்பு, ஒரு குதிகால், கொட்டாவி.
பிறகு டாக்டர் கையை மேலே, கல்லீரல் பக்கம் கொண்டுபோனார்.
அங்கே ரொம்ப நேரம் நின்றார்.
ஒரு மெல்லிய கறுப்புக் கோடு.
"அதுவாவும் இருக்கலாம், சும்மா தண்ணியாவும் இருக்கலாம்.
பிரசவம் வரைக்கும் தொட முடியாதும்மா. பார்க்கலாம்."

போனில் சொன்னேன்.
அவன் பக்கம் ஹாரன் சத்தம்.
"ரெண்டும் இருக்குதா?"
இருக்குது என்றேன்.
கொஞ்ச நேரம் ஹாரன் மட்டும்.
"சரி. சாப்ட்டியா?"

ஆபரேஷனுக்குப் பிறகு பிலோமினா அக்கா
என் கைகளைப் பார்ப்பதே இல்லை.
படியில் எதிரே வந்தாள்.
வயிற்றைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்,
ஒதுங்கி வழிவிட்டாள்.
நான்தான் நின்றேன்.
"ஆறு முடிஞ்சிடுச்சுக்கா" என்றேன்.
மீதியைச் சொல்லவில்லை.

அவள் மீன் பையைக் கீழே வைத்தாள்.